தோட்ட வாரியம்

உத்திரமேரூர் என்று சொன்னதுமே வெளியூர்க்காரர்கள் குடவோலையைப் பற்றித்தான் கேட்பார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டியவை, இன்றும் இருக்கின்றன. ஊரின் 30 குடும்புகளிலும், அதாவது வார்டுகளிலும், பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, சிறு பிள்ளை ஒன்றை விட்டு எடுக்கச்சொல்லி, ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர் என்று அமர்த்தினார்கள். ஊருக்கே சோறு போட்ட ஏரிக்கு ஆறு பேர், தோட்டத்துக்கு மட்டும் ஏன் பன்னிரண்டு என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். அப்பா விட்டுப்போன திராட்சைப் பந்தலைச் சீர்செய்யப் புகுந்த பிறகு அது தீர்ந்தது. பன்னிரண்டு போதாது.

பந்தல் எங்கள் கொல்லையில் கருங்கல் கால்களின் மேல் நிற்கிறது. அப்பா காலத்தில் அதில் குலை தொங்கியது. என் நிர்வாகத்தில் துணி காய்ந்தது. கொடி பட்டுப்போய்விட்டது என்றே எல்லாரும் நம்பியிருந்தோம். அது என்னடாவென்றால், எங்களை நம்பிப் பயனில்லை என்று முருங்கை மேல் ஏறி அங்கே தனிக்குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

அதைக் கண்டுபிடித்தவன் நாசிக்கில் வேலை பார்க்கும் என் மைத்துனன். அங்கே திராட்சைத் தோட்டமும் ஒயின் ஆலையும் அதிகம். அந்தக் காற்று பட்டதிலிருந்து வீட்டில் மோர் கொடுத்தாலும் டம்ளரைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடிய பிறகுதான் குடிப்பான். "மாமா, இது பன்னீர் திராட்சை. கம்பத்துல இதுக்குத்தான் 2023-ல புவிசார் குறியீடு குடுத்தாங்க. நம்ம வீட்டுலயே ஒயின் போடலாம்" என்றான். யவனர் கப்பலில் வந்த மதுவைப் பற்றிப் புறநானூறே பேசுகிறது, அரிக்கமேட்டில் அந்த ஜாடிகளின் ஓடுகள் கிடைத்திருக்கின்றன என்று நானும் என் பங்குக்கு எடுத்துக்கொடுத்தேன். தமிழர் மரபு என்று சொல்லிவிட்டால் என் மனைவி மறுக்கமாட்டாள் என்பது கணக்கு. "அந்த மரபுல பாத்திரம் யார் கழுவினாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

முதல் வேலை கவாத்து. குளிர்நாடுகளில் பனிக்காலமே கொடியின் இலையை உதிர்த்து அதைத் தூங்கவைத்துவிடும். நம் வெயிலில் அது தூங்காது. வெட்டினால்தான் புதுத் தளிர் விடும், அந்தத் தளிரில்தான் பூவும் காயும். டிசம்பர், ஜனவரியில் வெட்டினால் ஏப்ரல், மே மாதங்களில் பழம். இதையெல்லாம் நான் வாசித்து விளக்க, தோட்ட வேலைக்கு வரும் பெரியவர் காதில் வாங்காமல் வெட்டினார். "உங்கப்பா கை வெச்ச கொடிடா, மொட்டையடிக்கிறியே" என்று அம்மா திண்ணையில் உட்கார்ந்து அழுதாள். மொட்டையடித்தவர் அவர், பழி எனக்கு.

அடுத்து அடிச்சாம்பல் நோய். அதற்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த போர்டோ கலவை. இதன் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். பிரான்சில் போர்டோ பக்கத்துத் தோட்டக்காரர்கள், போகிறவர் வருகிறவர் பழத்தைப் பறிக்காமலிருக்கப் பாதையோரக் கொடிகளில் இந்த நீலக் கரைசலைத் தெளித்து வைத்தார்கள். தெளித்த கொடிகளில் மட்டும் நோய் இல்லை என்பதை மில்லார்தே என்ற பேராசிரியர் கவனித்தார். 1885-இல் உலகத்துக்குச் சொன்னார். திருட்டுக்குப் போட்ட வேலி மருந்தானது. எங்கள் வீட்டிலும் நோய் அடங்கியது, தெருப்பிள்ளைகள் அடங்கினார்கள். அணில் அடங்கவில்லை. கலவை பக்குவமா என்று பார்க்க ஒரு கத்தியை அதில் முக்க வேண்டும். செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதாது. காய் நறுக்கும் கத்தி செம்பு நிறமாக வெளியே வந்ததும் சுண்ணாம்பு கூட்டினேன். கத்தியைப் பற்றி மனைவி கூட்டிய விசாரணை தனி.

ஒருவழியாகப் பழம் வந்தது. ஜாடி கழுவி, துணி வெள்ளாவி வைத்து, எல்லாம் தயாரான நேரத்தில் சட்டக் கல்லூரியில் படிக்கும் மகள் வாய் திறந்தாள். உரிமமில்லாமல் மது தயாரிப்பது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றமாம். ராஜாஜி அந்த வருஷம் அக்டோபர் 1 அன்று சேலத்தில் ஆரம்பித்துவைத்தது. "பஸ் ஸ்டாண்டு போற வழியில அரசாங்கமே விக்குதே?" என்றேன். "விக்கலாம்பா. நீங்க காய்ச்சக்கூடாது." அதோடு விட்டாளா? பஞ்சமா பாதகம் செய்தவர்களை வாரியத்துக்கு எடுக்கக்கூடாது என்று நம்மூர்க் கல்வெட்டே சொல்கிறது, மது அதில் சேர்த்தி, செய்தவனின் மாமனார், மைத்துனன்வரை தகுதியிழப்பு என்றாள். மாமனாருக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. எண்பதைத் தாண்டியவர், வாரியத்துக்கு வயது வரம்பே எழுபதுதான் என்று சொல்லியும் மனம் ஆறவில்லை. கணக்குக் காட்டாதவர்களுக்கும் உறவினரோடு அதே தகுதியிழப்பு என்று என் மனைவிக்குத் தெரியவந்தது அன்றுதான். மயில்துத்தம், கம்பி, கூலி எல்லாவற்றுக்கும் சீட்டு கேட்டாள்.

ஆகவே வீட்டார் ஒருமனதாக, அதாவது என்னைக் கேட்காமல், பழரசம் என்று தீர்மானித்தார்கள். பிழிந்த சாற்றைச் சூடாக்கி ஆறவைத்தால் கெடாது. சூடாக்குவது யார் என்பதில் அம்மா மருமகளை நம்பினாள், மருமகள் மாமியாரை நம்பினாள், நான் இருவரையும் நம்பித் தூங்கிப்போனேன். திராட்சைத் தோலிலேயே ஈஸ்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். உத்திரமேரூர் மே மாதத்தில் அதற்கு வேறென்ன வேண்டும்? காலையில் ஜாடி நுரைத்துக்கொண்டு நின்றது. சட்டத்தை மீறியது நாங்கள் இல்லை, ஜாடி. ஆனாலும் அதைத் தொட எல்லாருக்கும் பயம். கொட்டவும் மனமில்லை, குடிக்கவும் துணிவில்லை. அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளிவைத்ததில் அது தன்பாட்டுக்குப் புளித்து, கண்ணைக் கரிக்கும் காடியாக மாறியது. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அதில் குத்துவிளக்கைத் தேய்க்க ஆரம்பித்தாள். புளி மிச்சம் என்று அவளுக்கு ஏக திருப்தி. இந்தத் திட்டத்தில் கண்ட ஒரே லாபம் அது.

ஆவணியில் மைத்துனன் வந்தான். நாங்கள் கவனிப்பதற்குள் தானே போய் டம்ளரில் ஊற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டான். சுழற்றினான். மூக்கை விட்டான். கண்ணை மூடி ஒரு வாய் விழுங்கினான். முகம் நாலு கோணலாகப் போயிற்று. ஆனாலும் நாசிக்கில் பழகியவன், விட்டுக்கொடுக்கவில்லை.

"கொஞ்சம் காட்டமா இருக்கு. என்ன ரகம்க்கா இது?"

"பித்தளை தேய்க்கிற ரகம்டா" என்றாள் என் மனைவி.