இடது கால் விடுதலைப் போராட்டம்

கார் ஓட்டும் மனிதனின் இடது காலை அடிமைப்படுத்திய பாவம் பிரெஞ்சுக்காரர்களைச் சேரும். 1890-களில் பாரிஸில் எமில் லெவாசோர் என்ற பொறியாளர், பல்சக்கரங்களை நகர்த்தி ஒன்றோடு ஒன்று மோதவிட்டு கியர் மாற்றும் ஏற்பாட்டைக் காருக்குள் கொண்டுவந்தார். அது கடகடவென்று கத்தியது, அவ்வப்போது பல்லையும் உடைத்துக்கொண்டது. முரட்டு வேலைதான், ஆனாலும் ஓடுகிறதே என்று அவரே சொன்னதாக ஒரு கதை உண்டு. அந்தச் சமாதானத்தை நம்பித்தான் நம்மில் பலர் இன்றைக்கும் சென்னையின் கத்திப்பாரா நெரிசலில் கிளட்சை மிதித்துக்கொண்டு நிற்கிறோம்.

விடுதலை முயற்சிகள் அப்போதே தொடங்கிவிட்டன. 1904-ல் பாஸ்டன் நகரத்து ஸ்டர்ட்டெவன்ட் சகோதரர்கள், வேகம் கூடக் கூட எடைக்கட்டிகள் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு கியரைத் தானே மாற்றும் ஒரு பெட்டியைச் செய்தார்கள். எடைக்கட்டிகள் கொஞ்சம் அதிகமாகவே வெளிப்பக்கம் போயின. பெட்டி சிதறியது, கதை முடிந்தது.

நான்கு வருஷம் கழித்து வந்த ஹென்றி ஃபோர்டின் மாடல் டி வேறு மாதிரி வேடிக்கை. அதற்கு மூன்று மிதி. இடது மிதியை முழுக்க அழுத்தினால் லோ கியர், பாதி அழுத்தினால் நியூட்ரல், விட்டால் ஹை கியர். நடு மிதி ரிவர்ஸ், வலது மிதி பிரேக். ஆக்சிலரேட்டரோ ஸ்டியரிங்குக்குக் கீழே கையால் இழுக்கிற குச்சி. பெட்ரோல் டேங்க் இருக்கைக்கு அடியில் இருந்தது, பம்ப் கிடையாது. செங்குத்தான மேட்டில் நேராக ஏறினால் எஞ்சின் டேங்கைவிட உயரத்துக்குப் போய்விடும், பெட்ரோல் வந்து சேராது. அதனால் அமெரிக்க விவசாயிகள் வண்டியைத் திருப்பி, பின்பக்கமாகவே மலை ஏறினார்கள். இப்படிப்பட்ட வண்டி ஒன்றரைக் கோடி விற்றது. வாங்குகிறவன் எதையும் பொறுத்துக்கொள்வான் என்று கார் கம்பெனிகள் கண்டுகொண்ட நாள் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் மாடல் டி-க்குள் ஒரு நல்ல சங்கதி இருந்தது: கோள் பல்சக்கரம். இதன் பொதுவான வடிவில் நடுவில் சூரியனாக ஒரு சக்கரம், சுற்றிலும் கோள்களாகச் சின்னச் சக்கரங்கள், எல்லாவற்றையும் வளைத்து வெளியே ஒரு வளையம். நம் கோயில் நவக்கிரகங்கள் ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்காது. இந்தக் கிரகங்கள் எப்போதும் பல்லோடு பல் கோத்தே நிற்கும். எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுழல விடுகிறோம் என்பதை வைத்து கியர் மாறும். மோதல் இல்லை, பல் உடையாது.

இன்னொரு பாதி ஜெர்மனியில் கிடந்தது. கப்பல்களுக்கு டர்பைன் பொருத்துவது எப்படி என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்த ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-ல் ஒரு காப்புரிமை வாங்கினார். எஞ்சினோடு சேர்ந்த விசிறி திரவத்தைச் சுழற்றும், சுழலும் திரவம் எதிரே உள்ள விசிறியைச் சுழற்றும், இரண்டும் ஒன்றையொன்று தொடவே தொடாது. டார்க் கன்வெர்ட்டரின் மூதாதை இதுதான். தேய்வதற்கு அங்கே கிளட்ச் தட்டு இல்லை. கார்க்காரர்கள் இதைக் கவனிக்க ஒரு தலைமுறை ஆயிற்று.

இரண்டையும் சேர்த்துக் கல்யாணம் செய்துவைத்தது ஜெனரல் மோட்டார்ஸ். கியர் சத்தமில்லாமல் விழுவதற்கான சிங்க்ரோமெஷ்ஷைக் கண்டுபிடித்து 1928-ல் கெடிலாக்கில் போட்ட ஏர்ல் தாம்ஸன்தான், பிறகு கியர் போடும் வேலையையே ஒழிக்கிற குழுவுக்கும் தலைமை தாங்கினார். தன் பிழைப்பில் தானே மண் போட்டுக்கொண்ட மகான். 1939 அக்டோபரில், 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் ஹைட்ராமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வந்தது. முன்னே போக நான்கு கியர், கூடுதல் விலை 57 டாலர். கெடிலாக்குக்கு அடுத்த வருஷம்தான் கொடுத்தார்கள். பணக்கார வாடிக்கையாளரைச் சோதனை எலியாக்க மனம் வரவில்லை போல; நடுத்தரக் குடும்பம் முதலில் ஓட்டிப் பார்க்கட்டும், உடைந்தால் பார்த்துக்கொள்ளலாம். இந்த வரலாற்றின் சாரமே அந்த ஒரு முடிவில் இருக்கிறது. புது கியர்பாக்ஸுக்குப் பரிசோதனைக்கூடம் கட்ட யாரும் முழுசாகச் செலவழிப்பதில்லை. முதல் மூன்று வருஷம் வாங்குகிறவர்கள்தான் பரிசோதனைக்கூடம், அதுவும் சொந்தக் காசில்.

ஹைட்ராமேட்டிக்கில் பார்க்கிங் என்று தனியாக எதுவும் கிடையாது. எஞ்சினை அணைத்து ரிவர்ஸில் போட்டுவிட்டு வீட்டுக்குள் போக வேண்டும். அப்புறம் போர் வந்தது. எம்-5 ஸ்டூவர்ட் டாங்கியில் இரண்டு கெடிலாக் எஞ்சின், இரண்டு ஹைட்ராமேட்டிக். போர் முடிந்ததும், போர்க்களத்தில் சோதித்த கியர்பாக்ஸ் என்று விளம்பரம். ஓல்ட்ஸ்மொபைல் வாங்கி முதலில் சோதித்த பல் டாக்டர்களுக்கும் கணக்கெழுதுபவர்களுக்கும் ஒரு நன்றி அறிவிப்பு கூட இல்லை.

1953 ஆகஸ்ட் 12-ல் மிச்சிகனின் லிவோனியாவில் ஹைட்ராமேட்டிக் தொழிற்சாலை எரிந்து சாம்பலானது. உயிர்களையும் வாங்கிய கொடுந்தீ. இதில் ஒரு வேடிக்கை: எதிரி ஃபோர்டின் சொகுசு லிங்கனுக்குள்ளும் ஜெனரல் மோட்டார்ஸ் கியர்பாக்ஸ்தான் ஓடிக்கொண்டிருந்தது. பங்காளிச் சண்டை வாசலில், கொடுக்கல் வாங்கல் கொல்லைப்புறத்தில். கியர்பாக்ஸ் இல்லாமல் நின்ற கெடிலாக்குகளுக்கு அதே குடும்பத்து ப்யூக்கின் டைனாஃப்ளோவைப் பொருத்தி அனுப்பினார்கள். டைனாஃப்ளோ சாதாரணமாகப் போகும்போது கியரே மாற்றாது. எண்ணெய் வழுக்கலிலேயே எல்லாவற்றையும் சமாளிக்கும். அப்படி ஒரு மென்மை. மென்மையாகக் கிளம்பி, மென்மையாகப் பெட்ரோலைக் குடித்து, மிக மென்மையாகத் தாமதமாகப் போய்ச் சேரும்.

இந்த வழுக்கலுக்கு மருந்து அப்போதே இருந்தது. வேகம் வந்ததும் இரண்டு விசிறிகளையும் இறுகப் பூட்டிவிடும் லாக்-அப் கிளட்சை 1949-லேயே பாக்கார்ட் கம்பெனி போட்டுவிட்டது. பெட்ரோல் தண்ணீர் மாதிரி கிடைத்த நாட்டில் யாருக்கு அது வேண்டும்? 1973-ல் அரேபியர்கள் குழாயை மூடிய பிறகுதான் டெட்ராய்ட்டுக்கு ஞானம் பிறந்தது. கிரைஸ்லர் 1978 மாடலில் அதைப் போட்டது.

அதே கிரைஸ்லர்தான் நடுவில் கியர் குச்சியே வேண்டாம் என்று 1956 மாடலில் பட்டன்களை வைத்தது. அதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட ஃபோர்ட், 1958-ன் எட்செல் காரில் பட்டன்களை ஸ்டியரிங் நடுவிலேயே, ஹாரன் இருக்கிற இடத்தில் வைத்தது. குறுக்கே ஓடும் நாயைப் பார்த்து ஹாரன் அடிக்கப் போனவர்கள் கியரை மாற்றினார்கள். எட்செல் மூன்று மாடல் ஆண்டுகளில் கண்ணை மூடியது.

பாவக்கணக்கில் திமிங்கலமும் உண்டு. பழைய ஆட்டோமேட்டிக்குகளின் கியர் ஆயிலில் ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய் கலந்திருந்தது. கிளட்சுகள் வெட்டாமல் பிடிக்க அதைவிட நல்ல சரக்கு கிடைக்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்ததும் மாற்று எண்ணெய்களோடு கியர்பாக்ஸ்கள் கொஞ்ச காலம் படாதபாடு பட்டன. குடும்பத்தோடு பிக்னிக் போவதற்காகக் கடலில் ஒரு ஜீவன் உயிர்விட்டிருக்கிறது.

இந்தக் கூத்தெல்லாம் ஒருவழியாக அடங்கியபோது கையில் மிஞ்சியது: டார்க் கன்வெர்ட்டர், கோள் பல்சக்கரம், லாக்-அப். இதை நான்கு கியரோடு ஜப்பானின் ஐசின் செய்து ஜீப் செரோக்கிக்குக் கொடுத்தது, 1987-ல். அது பாட்டுக்கு உழைத்தது. வேலை செய்கிற ஒன்று கிடைத்துவிட்டால் மனிதன் சும்மா இருப்பானா?

நெதர்லாந்தின் ஹப் வான் டோர்ன் 1958-ல் டாஃப் காரில் கியரே இல்லாமல் ரப்பர் பெல்ட் போட்டிருந்தார். விரிந்து சுருங்கும் இரண்டு கப்பிகள், நடுவே பெல்ட், இதுதான் சிவிடி. அந்த வண்டி முன்னால் எவ்வளவு வேகம் போகுமோ பின்னாலும் அவ்வளவு வேகம் போகும். டச்சுக்காரர்கள் பிற்பாடு பின்னோக்கிக் கார்ப் பந்தயமே நடத்தினார்கள். ரப்பர் போய் எஃகு பெல்ட் வந்தது. நிஸான் அதைப் பெரிய குடும்ப வண்டிகளுக்குள் ஏற்றியது. 2003 மாடல் முரானோ எஸ்யூவி அதோடுதான் வந்தது. சில வருஷத்தில் 2003 முதல் 2010 வரையிலான மாடல்களின் சிவிடிக்கு உத்தரவாதத்தை 10 ஆண்டு அல்லது 1,20,000 மைல் என்று நீட்டிக்க வேண்டி வந்தது. தானாக முன்வந்து உத்தரவாதத்தை இரட்டிப்பாக்கும் கம்பெனியைப் பார்த்தால் நெகிழாதீர்கள், பயப்படுங்கள். அதற்குப் பிறகும் ஏழு பேர் உட்காரும் 2013 மாடல் பாத்ஃபைண்டரில் சிவிடி. உதறுகிறது என்று புகார்கள், வழக்குகள். 2022 மாடலாகப் புது பாத்ஃபைண்டர் வந்தபோது பெல்ட் போயிருந்தது. டார்க் கன்வெர்ட்டரும் ஒன்பது கியரும் திரும்ப வந்திருந்தன. அதை முன்னேற்றம் என்று விளம்பரமும் செய்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த காட்சி ஒன்று. கியரே இல்லாத சிவிடியின் ஒரே ஸ்ருதி இரைச்சல் ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. உடனே பொறியாளர்கள் உட்கார்ந்து, இல்லாத கியரை மாற்றுவதுபோல் அது நடிக்க மென்பொருள் எழுதினார்கள்.

ஒன்பது கியரும் லேசில் வரவில்லை. ஜெர்மனியின் இசட்.எஃப் 1915-ல் செப்பலின் ஆகாயக் கப்பலுக்குப் பல்சக்கரம் செய்யப் பிறந்த கம்பெனி. 2009-ல் அவர்கள் கொண்டுவந்த எட்டு கியர் பெட்டி உண்மையிலேயே தங்கம். அதே கம்பெனியின் ஒன்பது கியர் பெட்டியை நம்பி 2013-ல் ஜீப் புது செரோக்கியை அறிவித்தது. மென்பொருள் சரியாகவில்லை என்று ஓஹையோவின் டொலிடோவில் தயாரான வண்டிகள் வெளியே போக முடியாமல் காத்துக்கிடந்தன. வந்த பிறகும் ஒன்பதாவது கியரைக் கண்ணால் பார்க்கவே முடியவில்லை என்று சிலர் புலம்பினார்கள். எட்டு போதும் என்று அங்கேயே நின்றிருக்கலாம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும், அதே பழைய பங்காளிகள், ஒன்று சேர்ந்து பத்து கியர் செய்தார்கள். எலக்ட்ரிக் கார் வந்து ஒரே ஒரு கியரோடு எல்லோரையும் பார்த்துச் சிரித்தது தனிக்கதை.

டிசிடி என்ற இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸின் கதையில் ரஷ்ய ஜார் மன்னர் வருகிறார். அவருடைய கார் கொட்டகையைக் கவனித்த பிரெஞ்சுக்காரர் அடால்ஃப் கெக்ரெஸ், புரட்சி வந்ததும் ஊருக்கு ஓடிவந்து, 1930-களில் இரட்டைக் கிளட்ச் யோசனையைச் சொன்னார். ஒரு கிளட்சில் 1, 3, 5. இன்னொன்றில் 2, 4, 6. அடுத்த கியர் ஏற்கெனவே தயாராக நிற்கும். 2003-ல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபில் அது கடைக்கு வந்தது. வேகமான சாலையில் அமிர்தம். ஊர்ந்து போகும் நெரிசலில், முக்கியமாக எண்ணெயில் நனையாத உலர் கிளட்சுகள், அரைக் கிளட்சிலேயே வெந்து போகின்றன. ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் உதறியபோது ஆஸ்திரேலிய வாடிக்கையாளர்களிடம் நீங்கள் ஓட்டும் விதம் சரியில்லை என்றார்கள். 2018-ல் அந்த நாட்டு நீதிமன்றம் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டு, யார் விதம் சரியில்லை என்று விளக்கியது. நம் மறைமலை நகரில் செய்த ஈகோஸ்போர்ட்டிலும் 2013-ல் இரட்டைக் கிளட்ச்தான். 2017-ல் அதை எடுத்துவிட்டு ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் வைத்தார்கள்.

இந்தியாவில் ஏழைக்கு ஏற்ற விடுதலையாக 2014-ல் செலேரியோ வழியே ஏஎம்டி வந்தது. சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிக்கவும் கியரை மாற்றவும் ஒரு இயந்திரக் கால், ஒரு இயந்திரக் கை. ஒவ்வொரு கியருக்கும் வண்டியில் இருக்கிற மொத்தக் குடும்பமும் சேர்ந்து தலையாட்டும். மைலேஜும் விலையும் கருதிப் பொறுத்துக்கொள்ளலாம். ஏழு பேரையும் கொடைக்கானல் லக்கேஜையும் ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் நிற்கும்போது பொறுமை தானாகப் போய்விடும். மாருதி ப்ரெஸ்ஸா டீசல் 2018-ல் ஏஎம்டியோடு வந்தது. 2020-ல் வந்த பெட்ரோல் ப்ரெஸ்ஸாவில் டார்க் கன்வெர்ட்டர், நான்கு கியரோடு. 1940-ன் ஓல்ட்ஸ்மொபைலிலும் நான்குதான். 2022-ல் ஆறு ஆக்கினார்கள்.

இப்போது எஸ்யூவி வாங்கப் போகிறவர் முன்னால் எல்லாப் பரம்பரையும் ஒரே ஷோரூமில் நிற்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் க்ரெட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதா பெட்ரோலுக்கு சிவிடி, டர்போ பெட்ரோலுக்கு ஏழு கியர் டிசிடி, டீசலுக்கு ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர். விற்பனைப் பையன் மூன்றையுமே 'பெஸ்ட் சார்' என்பான். தினமும் நகர நெரிசலில் நிதானமாகப் போகிறவருக்கு சிவிடி பாதகமில்லை. வெறும் நெடுஞ்சாலைப் பறவை என்றால் டிசிடி. ஹைப்ரிட் இன்னோவாவின் இ-சிவிடி இந்தப் பெல்ட் ஜாதியே இல்லை. உள்ளே பெல்ட் கிடையாது, கோள் பல்சக்கரமும் மோட்டார்களும்தான், தாராளமாக நம்பலாம். மற்றபடி பத்து வருஷம் வைத்துக்கொள்ளும் குடும்ப வண்டிக்கு என் ஓட்டு, சந்தைக்கு வந்து ஐந்து வருஷமாவது ஆன ஆறு அல்லது எட்டு கியர் டார்க் கன்வெர்ட்டருக்கு. புதிதாக வந்த எதையும் பக்கத்து வீட்டுக்காரர் முதலில் வாங்கட்டும்.

டெஸ்ட் டிரைவை ஷோரூம் வாசலில் ஒரு சுற்று என்று முடிக்காதீர்கள். சாயங்கால நெரிசலில், ஏசி போட்டு, வீட்டில் உள்ள அத்தனை பேரையும் ஏற்றி, ஒரு மேம்பாலச் சரிவில் நிறுத்தி நிறுத்தி எடுத்துப் பாருங்கள். கியர் ஆயிலை மாற்றவே வேண்டாம் என்று சில கார் கம்பெனிகள் சொல்லும். கியர்பாக்ஸைச் செய்கிற இசட்.எஃப், தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவன் சொல்வதைக் கேளுங்கள்.