முன்பல்லுக்கு மட்டும் தயை

கலிபோர்னியா ராஜ்யத்தில் ஏழைகளின் பல்வைத்தியச் செலவை ஏற்றுவந்த ‘டென்டி-கால்’ திட்டத்திலிருந்து, கஜானா வறண்டுபோனதை முன்னிட்டு, 2009 ஜூலையில் வயதுவந்தோருக்கான சிகிச்சைகளில் பெரும்பாலானவற்றைச் சர்க்கார் நீக்கியபோது, வலி பொறுக்காத பல்லைப் பிடுங்குவதற்குப் பணம் உண்டு, அதே பல்லைக் காப்பாற்றுவதற்குத்தான் இல்லை என்றொரு விசித்திர நியாயம் அமலுக்கு வந்தது. கர்ப்பிணிகள் முதலிய சிலருக்கு விலக்களித்ததைச் சொல்லாமல் விடுவது அநியாயம்.

இத்திட்டம் அளித்த சொற்ப ஊதியத்தைச் சகித்துக்கொண்டு ஏழைகளைப் பார்த்துவந்த டாக்டர்களுக்கு அந்தச் சொற்பமும் போயிற்று; தர்மசிந்தைக்கு இப்படியும் ஒரு வெகுமதி! அவர்களைவிடப் பரிதாபத்துக்குரியவர்கள் பல்வைத்தியக் கல்லூரி மாணவர்களே. லட்சக்கணக்கான டாலர் கடன்பட்டுப் படித்து, ஆசிரியரின் கண்ணெதிரே, பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றும் வேர்ச்சிகிச்சை செய்து தேர்ச்சி காட்ட வேண்டிய அவர்களுக்கு, வாய் திறந்து உட்கார ஒரு பிரஜை தேவை. அந்தப் பிரஜையோ, கல்லூரிக் கிளினிக்கின் குறைந்த கட்டணத்துக்கும் வழியின்றி, மாணவன் மெல்லிய அரத்தை எடுத்துக்கொண்டு வரும்போதே, “பிடுங்கிவிடுங்கள் டாக்டர், அதற்குத்தானே சர்க்கார் பணம் கொடுக்கிறது” என்று கைகூப்பினால், அவன் எந்த வித்தையைப் பயில்வது?

2014 மே மாதத்தில் சர்க்காரின் மனம் சற்றே இளகி, வேர்ச்சிகிச்சை மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆனால் முன்பற்களுக்கு மட்டும். சிரித்தால் தெரிகிற பல்லுக்கு உள்ள செல்வாக்கு, இருட்டில் கிடந்து சோற்றை அரைக்கிற பல்லுக்கு எங்கே வரும்? கடைவாய்ப் பற்களின் மனு 2018 ஜனவரியில்தான் அங்கீகாரம் பெற்றது. அதற்குள் அவற்றில் எத்தனையோ குறட்டின் வாய்க்குப் போய்விட்டன.