கழுத்துல தொங்குற அரைப்புள்ளி

ஏந்தாயி, ஒரு புள்ளி, அதுக்குக் கீழே வால் முளைச்ச இன்னொரு புள்ளி. இதுக்குப் போயி செய்கூலி தனி, சேதாரம் தனியா? உங்க அப்பத்தா போட்டிருந்த பாம்படத்துக்குக் காது தோளைத் தொட்டுச்சு. களவாணிப்பய இருட்டுல தடவிப் பார்த்தே எடை சொல்லிருவான். உன் சங்கிலியை அத்துக்கிட்டுப் போனா, அடகுக்கடைக்காரன் எழுத்துப்பிழைன்னு திருப்பிக் கொடுத்துருவான்.

கிழவனுக்கு என்ன தெரியும்னு நினைக்காதே. ஆயுசுல பாதி, டவுன் அச்சாபீஸ்ல ஈய எழுத்துப் பொறுக்கினவன் நான். கேஸ்ல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கட்டம். கமாவும் ஃபுல்ஸ்டாப்பும் புழங்கிப் புழங்கித் தேஞ்சு மொட்டையாகிரும். தேர்தல் வந்துட்டா ஆச்சரியக்குறிக்குப் பஞ்சம், 'வருக!' ஒவ்வொண்ணுக்கும் மூணு கேப்பாங்க, கையில இருக்கிறது ஒண்ணுதான். செமிகோலன் கட்டத்துல மட்டும் தூசி. அப்படிச் சீந்துவாரில்லாமக் கிடந்த சாமான் இன்னைக்கு வெள்ளியில ஏறி உக்காந்திருக்கு. யாருக்கு எப்ப யோகம் அடிக்கும்னு யார் கண்டா?

நகைன்னு வந்துட்டா எல்லாக் குறியும் நமக்கு உதவும், தாயி. உங்க பெரியத்தைக்கு எதுவும் வாங்க வேண்டாம். அவ மூக்குத்தியே முற்றுப்புள்ளிதான். மூக்கை ஒரு பக்கமாத் திருப்பினா மாமன் பேச்சு அந்த இடத்துல நின்னுரும். வாட்ஸப்புல வந்ததை எல்லாம் தானே கண்டுபிடிச்சதாச் சொல்றாரே உங்க சித்தப்பா, அவருக்கு மேற்கோள்குறிக் கடுக்கன் ஒரு ஜோடி. திறக்கிற குறி வலது காதுல, மூடுற குறி இடது காதுல. அப்பத்தான் எதிர்ல நிக்கிறவனுக்கு நேரா விழும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தலை மொத்தமும் அடுத்தவன் சரக்குன்னு பார்த்ததுமே தெரிஞ்சு போகும்.

கேள்விக்குறி ஒண்ணு இருக்கே, ஆடு மேய்க்கிறவன் கைத் தொரட்டியாட்டம், அதை உங்க பெரியம்மாவுக்குப் போடலாம்னு பார்த்தேன். அவளுக்கு அது காணாது. 1962-ல நியூயார்க்குல விளம்பரக் கம்பெனி வச்சிருந்த மார்ட்டின் ஸ்பெக்டர்னு ஒருத்தர், கேள்விக்குறியையும் ஆச்சரியக்குறியையும் ஒண்ணுமேல ஒண்ணு ஏத்தி 'இன்டரோபேங்'னு புதுக்குறி ஒண்ணு கிளப்பிவிட்டார். கேக்கவும் செய்யும், வாயைப் பொளக்கவும் செய்யும். "இன்னுமா கல்யாணம் ஆகலை?"ன்னு கேக்கும்போது பெரியம்மா மூஞ்சியைப் பார்த்திருந்தா அந்த மனுசன் 1962 வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

சரி, உன் கழுத்துக்கு வருவோம். 1490-கள்ல வெனிஸ் நகரத்துல அல்டஸ் மனுசியஸ்னு ஒரு அச்சுக்காரர், பிரான்செஸ்கோ கிரிஃபோங்கிற கைகாரரை வச்சு இந்தக் குறியை வெட்டினார். எஃகுல எழுத்து வெட்டுறது தட்டாசாரி செய்யிற மாதிரி நுணுக்க வேலை. கமாவுக்குச் சின்ன மூச்சு, முற்றுப்புள்ளிக்கு முழு மூச்சு. ரெண்டுக்கும் நடுவுல நிக்க ஒரு இடம் வேணும்னு பொறந்தது இது. நம்ம ஓலைச்சுவடியில இதெல்லாம் ஏது? படிக்கிறவன் பாடு, அவன் மூச்சு. அச்சு வந்த பொறவுதான், ஆறுமுக நாவலர் மாதிரி ஆளுங்க தமிழ் உரைநடையில குறி போட்டு வழக்கமாக்கினாங்க.

இந்த அரைப்புள்ளியை உடம்புல ஏத்தினது ஒரு பொம்பளப்பிள்ளை. அமெரிக்காவுல ஏமி புளூயல்னு பேரு. அப்பனைத் தற்கொலையில பறிகொடுத்தவ. 2013-ல 'புராஜெக்ட் செமிகோலன்'னு ஆரம்பிச்சா. எழுதுறவர் அந்த இடத்துல வாக்கியத்தை முடிச்சிருக்கலாம், ஆனா முடிக்கலை. எழுதுறது நீ, வாக்கியம் உன் வாழ்க்கைன்னு சொன்னா. உலகம் பூரா மணிக்கட்டுல பச்சை குத்திக்கிட்டாங்க, சங்கிலியில கோத்துக்கிட்டாங்க. உனக்கு இது அழகுக்கா, வேற எதுக்கும் அடையாளமான்னு நான் கேக்க மாட்டேன். நீயாச் சொன்னா உக்காந்து கேப்பேன்.

ஆனா ஒண்ணு. 2017-ல, 31 வயசுல, அந்தப் பிள்ளையே போய்ச் சேர்ந்துருச்சு. அத்தனை பேருக்குத் தெம்பு கொடுத்த குறிதான்; அவளுக்கு அது மட்டும் காணலை. தங்கமோ வெள்ளியோ, உலோகம் எழுந்து வந்து பக்கத்துல உக்காராது, தாயி. மனுசன்தான் உக்காரணும். உக்கார ஆளில்லாத ராத்திரியில 14416-க்குப் போன் போடலாம், டெலி மானஸ்னு சர்க்காரே வச்சிருக்கு, தமிழ்லயே பேசுவாங்க. பெரிசு போன் நம்பர் எல்லாம் சொல்லுதேன்னு சிரிக்கிறியா? சிரி. சிரிச்சுக்கிட்டே போன்ல ஏத்திக்கோ.

இப்ப அச்சாபீஸ் ரகசியம் ஒண்ணு சொல்றேன். ஈய எழுத்து கையில இருக்கும்போது இடவலம் மாறித்தான் தெரியும், காகிதத்துல விழுந்தாத்தான் நேராகும். நீ இந்தச் சங்கிலியைப் போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னாடி நின்னு பாரு. வால் தப்பான பக்கம் வளைஞ்சிருக்கும். போட்டிருக்கிற உனக்கு அது ஒருநாளும் நேராத் தெரியாது, எதிர்ல வர்றவனுக்குத்தான் தெரியும். புஸ்தகத்துலயும் அப்படித்தான். எழுதுறவனுக்கு எங்கே நிறுத்தணும்னு முன்னமே தெரியும். குறி போடுறது படிக்கிறவனுக்காக.

அதனால புத்திமதி உனக்கில்லை தாயி, வாசல்ல வந்து உக்காந்திருக்காளே உங்க பெரியம்மா, அவளுக்கு. அவ காதுல விழட்டும்னுதான் இவ்வளவு சத்தமாப் பேசுறேன். காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு ரெண்டுன்னு எங்க வாத்தியார் பிரம்பு வச்சுச் சொல்லிக் கொடுத்தார். ஒரு மாத்திரைங்கிறது கண் இமைக்கிற நேரம். ஏ மதினி, பிள்ளை கழுத்துல என்ன தொங்குது, பார்த்தியா? ரெண்டு தடவை கண்ணை இமைச்சிட்டு அப்புறம் வாயைத் திற. முதல்ல சாப்பிட்டியான்னு கேளு. கல்யாணத்தை அது ஊருக்குப் போன பொறவு என்கிட்டக் கேளு, நானும் தெரியாதுன்னே சொல்றேன்.