உறுமல் இலக்கணம்

பாயிரம்

மின்கிட்டாரின் மெல்லிய ஓசையை இடியாக்கித் தருவது ஹை-கெயின் ஆம்ப். 12ஏஎக்ஸ்7 என்னும் வால்வின் பெருக்கக் காரணி 100. அத்தகைய வால்வுகளை வரிசையாக நிறுத்தி, முன்னது பின்னதைத் திணறடிக்கும்படி செய்தால் அலையின் உச்சி வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையிலிருந்து புதிய மேற்சுரங்கள் கிளம்பும். இதுவே டிஸ்டார்ஷன். பழுது என்று பொறியாளர் விலக்கியதைப் பண் என்று கலைஞர் எடுத்துக்கொண்டார். ஆகவே பழுதுக்குள் நல்ல பழுது எது, கெட்ட பழுது எது என்று தீர்க்க ஓர் இலக்கணம் வேண்டியதாயிற்று. யாரும் கேட்கவில்லை, ஆயினும் உரைப்போம்.

பிறப்பியல்

வல்லினம் மார்பிலும், மெல்லினம் மூக்கிலும், இடையினம் கழுத்திலும், ஆய்தம் தலையிலும் பிறக்கும் என்பது நன்னூலார் கொள்கை. பவணந்தியார் கிட்டார் கேட்டவரல்லர். எனினும் அவர் சொன்ன நான்கு இடங்களும் நம் பொருளுக்கு இம்மியும் பிசகாமல் பொருந்துகின்றன.

இடையினமாவது மார்ஷல். லண்டனில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலின் பட்டறையில், ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்பைப் பார்த்து 1962இல் உருவானது ஜேடிஎம்45. அதன் வழிவந்தது 1981இன் ஜேசிஎம்800. இதில் நடு அலைவரிசை (மிட்) ஓங்கி நிற்கும். தொண்டையைத் திறந்து பேசுவதால் கூட்டத்திலும் குரல் அமுங்காது.

வல்லினமாவன மேசா பூகியின் டூயல் ரெக்டிஃபையரும் பீவியின் 5150உம். இரண்டும் 1990களின் தொடக்கத்தில் வந்தவை. உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அடக்கி, அதாவது பாம் மியூட் செய்து, அடித்தால் காதுக்கு முன் மார்பு அதிரும். எடி வான் ஹேலனுக்காகச் செய்யப்பட்ட 5150இன் பெயர், மனநிலை பிறழ்ந்தவரை அவர் சம்மதமின்றியே மருத்துவக் காவலில் வைக்க இடந்தரும் கலிஃபோர்னியச் சட்டப் பிரிவின் எண். அந்த ஆம்பை வாங்கியவருக்கு அண்டை வீட்டார் அதே பிரிவைப் பரிந்துரைப்பது இயல்பு.

மெல்லினமாவது ஐபனெஸ் ட்யூப் ஸ்க்ரீமர் என்னும் பச்சைப் பெடல். ட்ரைவ் குமிழை அடியோடு குறைத்து லெவலை ஏற்றினால், தாழ்ந்த ஒலிகளைக் கழித்து 720 ஹெர்ட்ஸ் அருகே உயர்த்தும். அது மூக்கின் இடம். வல்லினத்துக்கு முன் அதன் இனமான மெல்லெழுத்து வருவது சங்கு, பஞ்சு, வண்டு என்பவற்றில் காண்க. அவ்வாறே 5150க்கு முன் ட்யூப் ஸ்க்ரீமர் வரும். கொழகொழப்பு நீங்கி இறுக்கம் பிறக்கும்.

ஆய்தமாவது பாஸ் நிறுவனத்தின் எச்எம்-2 பெடல். தனியே நில்லாது, ஓர் ஆம்பைச் சார்ந்தே ஒலிக்கும், ஆகவே சார்பெழுத்து. இதன் குமிழ்கள் அனைத்தையும் கடைசிவரை திருப்பினால் தலைக்குள் ரம்பம் ஓடும். சுவீடனின் என்டூம்ட் குழு 1990இல் வெளியிட்ட ‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’ இதற்கு எடுத்துக்காட்டு.

குற்றியலுகரம் இல்லையோ எனின், உண்டு. அது வல்லெழுத்தை ஊர்ந்து வந்து மாத்திரை குறையும். வல்லின ஆம்பின் இரைச்சலை அடக்க வைக்கும் நாய்ஸ் கேட்டும் சுரத்தின் வாலை நறுக்கி அதையே செய்கிறது.

புணரியல்

கெயின் கூடிய இடத்தில் எல்லாச் சுரமும் எல்லாச் சுரத்தோடும் புணரா. ஷட்ஜமும் பஞ்சமமும் 2:3 என்னும் விகிதத்தில் நிற்பவை. டிஸ்டார்ஷன் அவற்றின் வித்தியாசத்தையும் ஒலிக்கச் செய்யும். மூன்றில் இரண்டு போக ஒன்று, அதாவது கீழ் ஸ்தாயி ஷட்ஜம். இரண்டு சுரம் வாசித்தவருக்கு மூன்றாவது இனாம். இவ்விரு சுரக் கூட்டாகிய பவர் கார்டின் கனம் இதனால் வருவது. இடையே அந்தர காந்தாரத்தைச் சேர்த்தால், கிட்டார் மெட்டுகளில் அது தூய நிலையைவிட ஏறத்தாழ 14 சென்ட் உயர்ந்திருப்பதால், பிறக்கும் வித்தியாசங்கள் ஒன்றோடொன்று சண்டையிடும். அந்தக் கலங்கலுக்கு ஆம்பைத் திட்டுவது புணர்ச்சி விதி அறியாதார் செயல்.

மதிப்போரியல்

டோனை மதிப்போர் மூவகையர்.

முதலாமவர் கண்ணால் கேட்போர். வால்வு செந்நிறமாய் ஒளிர்ந்தால் ஒலி ‘கதகதப்பாக’ இருக்கிறது என்பார். பான்டெராவின் டைம்பேக் டாரெல் ‘கௌபாய்ஸ் ஃப்ரம் ஹெல்’ காலத்தில் வால்வே இல்லாத ராண்டல் ஆம்பை வாசித்தார் என்று நினைவூட்டினால், அது விதிவிலக்கு என்பார்.

இரண்டாமவர் தட்டால் கேட்போர். ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ இசைத்தட்டைப் போல ஒலிக்கவில்லை என்று வருந்துவார். இசைத்தட்டில் கேட்பது ஆம்ப் மட்டுமன்று. அடுக்கி அடுக்கிப் பதிந்த கிட்டார்களும் ஸ்பீக்கர் முன் வைத்த மைக்கும் சேர்ந்தது அது. மைக்கை ஸ்பீக்கரின் நடுவிலிருந்து ஓரத்துக்கு இரண்டு விரல் நகர்த்தினால், கூர்மை போய் மொத்தை வரும். ஆம்பை மாற்றினாலும் சில நேரம் அவ்வளவு வேறுபாடு வராது.

மூன்றாமவர் அறையால் கேட்போர். இவர் தொகையே பெரிது. ஒலி குறையும்போது தாழ்ந்த ஒலிகளைக் காது அதிகமாக இழக்கிறது என்பதை 1933இலேயே பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் வரைந்து காட்டினர். படுக்கையறையில் மெல்ல வாசிப்பவர் அக்குறையை ஈடுகட்ட பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி மிட்டைக் குழிவாக்குவார். தனியே கேட்க அமிர்தம். மேடை ஏறியதும் தாழ்வை பேஸ் கிட்டார் எடுத்துக்கொள்ளும், உயர்வை சிம்பல் எடுத்துக்கொள்ளும், இவர் கை மட்டும் அசையும். இரண்டு ஆம்ப்களை ஒப்பிடும்போதும் சத்தம் கூடியதையே சிறந்தது என்று தீர்ப்பளிப்பவர் இவரே.

புறனடை

இங்கே சொல்லாதவற்றைச் சொன்னவற்றைக் கொண்டு உணர்க. தீர்ப்புக்கு வழி ஒன்றுதான். டிரம்மரையும் பேஸ் வாசிப்பவரையும் அழையுங்கள். கெயினை உங்கள் ஆசைக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, பாம் மியூட்டில் வேகமான ஒரு ரிஃப் வாசியுங்கள். ஒவ்வோர் அடியும் எண்ணத்தக்கதாய்ப் பிரிந்து கேட்டால் அது நல்ல ஆம்ப். கேட்காவிட்டால் மிட்டை ஏற்றுங்கள். அப்போதும் கேட்காவிட்டால் பயிற்சியைக் கூட்டுங்கள். ஆம்பைக் குறைசொல்லும் உரிமை அதன் பிறகே வரும்.