ஜாதவ்பூரில் போகிமான் பேசிப் பிழைப்பது எப்படி?

ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து ஹவுரா மெயில் ஏறும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஊரே கூடி அறிவுரை சொல்லும். கொசுவலை மறக்காதே, கடுகெண்ணெய் போகப் போகப் பழகிவிடும், நாலு வார்த்தை வங்காளம் கற்றுக்கொள். முக்கியமானதை மட்டும் யாரும் சொல்வதில்லை. 8பி பேருந்து நிலையத்துப் பக்கம் டீக்கடையில் சாயங்காலம் உட்கார்ந்தால், கால்பந்து, அரசியல், சத்யஜித் ராய் எல்லாம் ஒரு சுற்று முடிந்ததும் போகிமான் வரும். அப்போது வாயைத் திறக்காதவனை அட்டா என்கிற அந்த வங்காள அரட்டையில் ஆளாகவே சேர்க்க மாட்டார்கள்.

முதலில் உங்கள் வம்சாவளியைச் சொல்லிவிடுங்கள். 2003-ல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் பார்த்தவர்கள் மூத்தகுடி. சிப்ஸ் பாக்கெட்டில் வந்த டாசோவைச் சேர்த்து வைத்தவர்கள் அவர்களிலும் மூத்தவர்கள். ஹங்காமாவில் தமிழில் பார்த்தவர் என்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், அதற்கென்று தனி மவுசு உண்டு. "தமிழில் பிகாச்சு எப்படிப் பேசும்?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். எந்த ஊருக்குப் போனாலும் பிகாச்சுவுக்கு ஜப்பானில் இருக்கும் இக்குவே ஓதானி அம்மாள்தான் குரல். இதைச் சொன்னவுடன் உங்களுக்கு ஒரு மண்குவளை டீ சொல்லப்படும்.

ஆனிக்ஸ் விஷயத்தில் ஜாக்கிரதை. தொடரின் நாயகன் ஆஷ், ப்ராக்கின் ஆனிக்ஸோடு போட்ட முதல் ஜிம் சண்டை அது. விளையாட்டு விதிப்படி ஆனிக்ஸ் நிலத்து வகை, மின்சாரம் அதன்மேல் ஏறவே ஏறாது. ஆனால் தொடரில் பிகாச்சு பாய்ச்சியதில் தீப்பிடித்து, கூரையில் இருந்த தெளிப்பான்கள் திறந்து, நனைந்த ஆனிக்ஸ் துவண்டுபோகும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் மாணவர் ஒருவர் உள்ளே வருவார். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது, கரைந்த உப்பு வேண்டும் என்று ஆரம்பிப்பார். பாறையில் உப்பு உண்டா என்று ஜியாலஜி மாணவரை இழுப்பார்கள். நீங்கள் குறுக்கே போகாதீர்கள். இருவரும் களைத்ததும் மெல்லச் சொல்லுங்கள்: "ஆனாலும் ஆஷ் அந்தச் சண்டையை ஜெயிக்கவே இல்லையே, தாதா. பாதியில் நிறுத்திவிட்டுப் போனான். ப்ராக் பின்னாலேயே வந்து பேட்ஜைக் கையில் கொடுத்தான்." மேசை அடங்கிவிடும்.

ஆஷின் தோல்விகளைப் பற்றிப் பேச உலகத்திலேயே சரியான இடம் ஜாதவ்பூர்தான் என்பது என் தீர்மானமான கருத்து. சுற்றிலும் பிஜய்கட், ஆசாத்கட் என்று கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் எழுப்பிய காலனிகள். வீட்டுக்கு வீடு ஈஸ்ட் பெங்கால் கால்பந்து அணியின் ரசிகர்கள். அந்த அணி தேசிய லீக்கைக் கடைசியாக 2004-ல் வென்றது, அதற்குப் பிறகு இருபது வருஷம் அந்தக் கோப்பை வரவில்லை. 1997-ல் கிளம்பிய ஆஷ் முதல் லீக் கோப்பையைத் தொட்டது 2019 செப்டம்பரில், அலோலாவில். அதற்கு முன்பு அவன் தோற்ற விதம் ஒவ்வொன்றையும் இந்தப் பேட்டைக்காரர்கள் சொந்தக்காரன் வீட்டுச் சாவுபோல விசாரிப்பார்கள். இண்டிகோ லீக்கில் அவனுடைய சாரிஸார்டே சண்டை போட மாட்டேன் என்று படுத்துவிட்டது. சின்னோவில் டோபியாஸ் என்கிற ஆள் எங்கிருந்தோ டார்க்ராயோடு வந்து நின்றான். அதை அடித்துச் சாய்த்தால் அடுத்து லாட்டியோஸை இறக்கினான். 2016-ல் காலோஸ் இறுதிச் சண்டையில் ஆலனிடம் தோற்றதைப் பற்றி மட்டும் டீ குடிக்கும்போது பேசாதீர்கள். எனக்கே இன்னும் ஆறவில்லை.

"ஏன், ஆரஞ்சுத் தீவுகளில் ஜெயித்தானே?" என்று ஒருவர் கேட்பார். அதெல்லாம் ஒரு லீக்கா என்று இன்னொருவர் உதட்டைப் பிதுக்குவார். பிதுக்கியவர் ஈஸ்ட் பெங்காலா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஆமென்றால், 2010-லிருந்து 2017 வரை உங்கள் அணி கல்கத்தா லீக்கை வரிசையாக எட்டு முறை வென்றதே, அது மட்டும் கணக்கா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொள்வது நல்லது.

போகிமானைப் பந்துக்குள் அடைப்பது சுரண்டலா என்ற விவாதம் வந்தால் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை மறந்துவிடுங்கள். ஜாதவ்பூரில் அது வராமல் இராது. மியாவ்த் கூலி உயர்வு கேட்காமல் ஏன் வில்லன் கூட்டத்து ஜெஸ்ஸி, ஜேம்ஸோடு சுற்றுகிறது என்பதற்குப் பத்து விளக்கம் கிடைக்கும், பத்திலும் ஜியோவானிதான் முதலாளி. போகிமானை விடுதலை செய் என்று கொடி பிடித்தவர்கள் டீம் ப்ளாஸ்மா, கடைசியில் அவர்களே வில்லன்கள் என்று சொல்லி வைக்காதீர்கள். சங்கத் தேர்தல் நேரமாக இருந்தால் கண்டிப்பாகச் சொல்லாதீர்கள்.

ஊர்வலம் போகும் அளவுக்கு ஒரு அநியாயம் வேண்டுமென்றால் போரிகான் என்கிற போகிமானைக் கையில் எடுங்கள். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான எபிசோடில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதில் அறுநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தொடரே நான்கு மாதம் நின்றது. மின்னலை விட்டது பிகாச்சு. ஆனால் தலைகாட்டக் கூடாது என்று ஆனது போரிகானுக்கு. அதன் பரிணாம வடிவங்களுக்குக்கூட தொடரில் கதை கிடைக்கவில்லை. செய்தவன் கதாநாயகன், மாட்டியது பக்கத்தில் நின்றவன். கோபம் வரட்டும், நியாயமான கோபம்தான்.

ஆஷுக்கு ஏன் இன்னும் பத்தே வயது என்று மட்டும் கேட்காதீர்கள். அது புதுமுகத்தின் கேள்வி. பத்து வருஷமாக ஒரே ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருக்கும் அண்ணன் ஒருவர் பக்கத்திலேயே இருப்பார், அவர் மனது நோகும்.

2023 மார்ச் 24-ல் ஆஷின் கதை முடிந்தது. ஏப்ரலில் லிக்கோ, ராய் என்று புதுப் பிள்ளைகளோடு ஹொரைசன்ஸ் ஆரம்பித்தது. அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டால், ஆஷ் போனதும் பார்ப்பதை விட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டும். மேசையில் எல்லாரும் அதையே சொல்வார்கள். பிறகு ஒருவர் போன வாரக் கதையைத் தப்பாகச் சொல்லுவார். திருத்தாமல் இருக்க முடிகிறதா என்று பாருங்கள்.