ட்ராஃபிக் இல்லாத கரை

தங்கை மகன் பெங்களூரிலிருந்து காரில் வந்திறங்கினான். காரின் முதுகில் ஒரு சைக்கிள். “கிராவல் பைக் மாமா” என்றான். விலையைச் சொன்னதும், அதற்கு இரண்டு மோட்டார் சைக்கிள் வாங்கலாமே என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, பெல்கூட இல்லை. எங்கள் காலத்தில் இப்படி ஒன்றைத் தள்ளிக்கொண்டு போனால், எவனோ பாதி சாமானைக் கழற்றிக்கொண்டான் என்று ஊரே துக்கம் விசாரித்திருக்கும்.

அவனுக்குச் சரளைப் பாதை வேண்டுமாம். தார் ஆகாது, லாரி ஆகாது. மேடு அதிகம் இருக்கக் கூடாது. பக்கத்தில் தண்ணீரும் கோரையும் கொஞ்சம் பறவையும் இருந்தால் விசேஷம். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து எம்போரியா என்ற ஊரில் 2006இல் 200 மைல் சரளைப் பந்தயம் ஒன்று ஆரம்பித்ததாம். 2022இல் இத்தாலியில் இதற்கு உலக சாம்பியன்ஷிப்பே நடத்திவிட்டார்களாம். எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது. ‘எங்கள் ஊருக்குத் தார் ரோடு போட்டுத் தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று ஆயுள் முழுக்க மனு எழுதியவர். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. இத்தனை வருஷம் கழித்து, கண்டுகொள்ளாதவர்களுக்கு நன்றி சொல்லப் பேத்தி வழியில் ஆள் வந்திருக்கிறது.

ஆம்பூருக்கும் மாதனூருக்கும் நடுவே, பாலாற்றை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. 1974 வாக்கில் எனக்குப் பத்து வயது. மணிக்கு நாலணா வாடகைக்கு சைக்கிள் எடுத்து, ஏரிக்கரைமேல் குரங்குப் பெடல் போடுவேன். சரளை இருந்தது, சமவெளி இருந்தது, தண்ணீரும் இருந்தது. ட்ராஃபிக்கும் இருந்தது. விடிந்தால் தோல் ஷாப்பு சங்கு ஊதுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஹேண்டில்பாரில் தூக்குச்சட்டி ஆட ஆட சைக்கிள்கள் வரிசையாகப் போகும். நைனாவும் அதில் ஒருவர். எதிரே புல்லுக்கட்டு சுமந்து வரும் பெண்கள், எருமைகள், ஏர் மாடுகள். எல்லாவற்றுக்கும் மேலாக ஆவாரம்பட்டை ஏற்றிய கட்டை வண்டிகள். கரை அகலமே ஒரு வண்டி. பாரம் இல்லாதவன்தான் ஒதுங்க வேண்டும் என்பது சட்டம். பத்து வயதுப் பையன் எந்தக் காலத்திலும் பாரம் இல்லாதவன்தான்.

ஒருநாள் ஒதுங்கத் தெரியாமல் வண்டிச் சக்கரத்தில் இடித்து, நாற்றங்காலில் போய் விழுந்தேன். முழங்கையிலும் முழங்காலிலும் தோல் வழண்டு ரத்தம். வண்டிக்காரர் இறங்கவில்லை. மேலே உட்கார்ந்தபடியே, “இன்னாடா அவசரம்? பட்டையே இன்னும் ஷாப்புக்குப் போய்ச் சேரல, அதுக்குள்ள தோலைக் கொண்டாந்துட்டியா?” என்றார். கரையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எழுந்து சைக்கிளைக் கால்வாயில் இறக்கிச் சேறு போகக் கழுவினேன். வாடகைக் கடைக்காரருக்குத் தெரியக் கூடாதே! ஆற்று மணலில் ஊறி வரும் தண்ணீர். கழுவிவிட்டு அதையே கை நிறைய அள்ளிக் குடித்தேன். அப்போது இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

அந்தப் பட்டை வண்டிகள்தான் முதலில் காணாமல் போயின. அரைகுறையாகப் பதனிட்ட தோலை வெளிநாட்டுக்கு அனுப்பாதே, முடித்த தோலாக, செருப்பாக அனுப்பு என்று எழுபதுகளில் மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. பட்டைத் தொட்டியில் வாரக்கணக்கில் ஊற வேண்டிய தோல், குரோமியத்தில் நாள்கணக்கில் நீலமாக வெளியே வந்தது. டாலரும் வந்தது. பொய் சொல்லக் கூடாது, எங்கள் வீட்டு மாடி அந்த நீலத்தில் எழும்பியதுதான். என் தங்கை ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்த சம்பளத்தில்தான் இந்தப் பையன் பெங்களூர் போனான். பச்சைத் தோல் கெடாமலிருக்கப் பூசிய உப்பு, சுண்ணாம்பு, குரோமியம் எல்லாம் எங்கே போகும்? பள்ளத்தைப் பார்த்துப் போயின. பள்ளத்தில் நாங்கள் இருந்தோம்.

தாத்தா மனுவின் தலைப்பை மாற்றிக்கொண்டார். ரோடு போய்க் கிணறு வந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது அவர் இல்லை. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஊன்றி நிற்பது அந்தத் தீர்ப்பால்தான். தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பயிருக்கு முழுதாகவோ பாதியாகவோ உதவாமல் போனது என்ற ஆய்வும் அதில் பதிவாகியிருக்கிறது. சட்டக் கல்லூரிப் பையன்கள் எங்கள் ஊர்த் தண்ணீரைப் படித்துப் பாஸாகிறார்கள். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், நஷ்ட ஈட்டை அரசே முதலில் கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

போகட்டும், பையன் கதைக்கு வருகிறேன். அவன் கிராவல் பைக்கில் முன்னால் போக, நான் டி.வி.எஸ். 50இல் பின்னால் போனேன். அதே கரை, அதே சரளை. வழியில் ஒரு மாடு இல்லை, ஒரு மனுஷன் இல்லை. ஷாப்புக்குப் போகிறவர்களைக் கம்பெனி வேன் ஹைவேயிலேயே ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. நெல் இல்லாத கழனிக்கு ஏர் எதற்கு, புல்லுக்கட்டு எதற்கு? நான் விழுந்த நாற்றங்கால் இருந்த இடத்தில் சம்பும் கோரையும் ஆள் உயரம். ஓரமெல்லாம் சீமைக் கருவேலம். நடுவில் தேங்கிய தண்ணீரில், சிவப்புக் கால் நனையப் பவளக்கால் உள்ளான்கள் அளவெடுத்து நடந்துகொண்டிருந்தன. அந்தத் தண்ணீர் மழையா, சாக்கடையா, ஷாப்பா என்று அவை விசாரிப்பதாகத் தெரியவில்லை.

“ட்ராஃபிக்கே இல்ல மாமா. இந்த மாதிரி ரூட்டுக்கு நாங்க எவ்ளோ தூரம் போறோம் தெரியுமா?” என்றவன் கொஞ்சம் தயங்கி, “உங்க வண்டி சத்தம் மட்டும்தான்” என்றான். எஞ்சினை நிறுத்தினேன். கரை முழுக்க அமைதி. அதில் தாத்தா பங்கும் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். பையன் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது சேற்றில் ஒரு இடத்தில் சக்கரம் புதைந்தது. வீட்டுக்கு வந்ததும் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

“வேணாம் கண்ணு, அதுல கழுவாத. காய்ஞ்சா வெள்ளையா பூத்துக்கும், செயினெல்லாம் துரு புடிச்சிடும்.”

காலையில்தான் வந்திறங்கிய தண்ணீர்க் கேனின் மூடியைத் திருகி, அவன் வாளியில் சாய்த்தாள். அவன் பிரஷ்ஷால் செயினைத் தேய்க்கத் தேய்க்க, குடிதண்ணீர் கறுப்பாக வாசலில் இறங்கி, சரளையைப் பார்த்து ஓடியது.