அலைவரிசையில் துண்டு போடும் அண்ணாச்சி

சுந்தரபாண்டியத்தில் மொட்டைமாடிக்கு மேலே துணிக்கொடியைவிட நீளமாகக் கம்பி ஓடும் வீடு கண்ணில் பட்டால், உள்ளே ஒரு கான்டெஸ்ட் அண்ணாச்சி இருக்கக்கூடும். மற்ற நாட்களில் அவர் சாதாரண ஹாம், அதாவது பொழுதுபோக்கு வானொலிக்காரர். அக்டோபர் கடைசி வார இறுதி, சனிக்கிழமை அதிகாலை 5.30க்கு 'சிக்யூ வேர்ல்டு வைடு' குரல் போட்டி தொடங்கியதும், ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போடும் வேகத்தில் ஓர் அலைவரிசையைப் பிடித்து உட்கார்ந்துவிடுவார். 48 மணி நேரம் எழுப்ப முடியாது. மேற்கே மலை மறைத்து, பல்கேரியாக்காரர் முனகலாகத்தான் கேட்டாலும் முழு மதிப்பெண்தான்: 'ஃபைவ் நைன்', கூடவே நம் மண்டல எண் 22. கணீரென்று கேட்பதாகச் சான்றிதழ் கொடுத்த கையோடு, 'உங்க அழைப்புக்குறி விளங்கல, இன்னொரு தடவை' என்பார்.

இவரை முரடர் என்பவர்கள் உண்டு. என் கட்சி வேறு: ஹாம் உலகில் இவரளவு மரியாதைக்காரர் குறைவு, அதற்குக் காரணம் புள்ளிப் பேராசை. 40 மீட்டர் பட்டையில் நமக்குள்ள இடம் 7000 முதல் 7200 கிலோஹெர்ட்ஸ். ஒரு குரலுக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோஹெர்ட்ஸ் வேண்டும். மோர்ஸ்காரர்களை விரட்டிவிட்டு நெருக்கியடித்தாலும் எண்பது பேர்தான். ஆள் இருக்கும் இடத்தில் நுழைந்தால் இருவர் பேச்சும் கெடும், புள்ளி போகும். ஆகவே 'இங்க யாரும் இருக்கீங்களா?' என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் கடை விரிப்பார். மைக்கை அளவுமீறித் திருகினால் குரல் அக்கம்பக்கத்து அலைவரிசைகளில் வழியும். அதற்குத் தகுதிநீக்கம்வரை உண்டு. எந்த அலைவரிசை எண்ணுக்கும் எவரிடமும் பட்டா கிடையாது. புள்ளிக்கணக்குதான் நாட்டாமை.

'நாங்கள் தினமும் கூடிப் பேசும் இடமாயிற்றே' என்று அரட்டைக்காரர்கள் கொதிப்பார்கள். தினமும் அதே எண்ணில் கூடுவதும் துண்டுதான், கொஞ்சம் பழைய துண்டு. 10, 18, 24 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளில் போட்டி கூடாது என்பது உலக வழக்கம், அங்கே ஒதுங்கலாம். பக்கத்து ஊரோடு பேச அவை அவ்வளவாக உதவா என்பது உண்மை, இரண்டு நாள் பொறுக்கத்தான் வேண்டும். 'தொடர்பு எண்ணிக்கை சேர்ப்பதால் ஊருக்கென்ன லாபம்?' என்ற கேள்வி இன்னும் கனமானது. 2004 டிசம்பரில் ஹாம் பாரதி பிரசாத்தின் குழு அந்தமான் போனதும், அரிய தீவுத் தொடர்புக்கு ஏங்கிய உலக ஹாம்களின் இதே எண்ணிக்கைப் பசிக்காகத்தான். 26ஆம் தேதி சுனாமி வந்தது. அதே கருவிகள் தீவுக்கும் வெளியுலகுக்கும் இடையே உறவினர் செய்தி சுமந்தன. இரைச்சலுக்குள் பெயரையும் ஊரையும் பிழையின்றிப் பிடிக்கும் காது சும்மா வருவதில்லை.

திங்கள் அதிகாலை 5.30க்குப் போட்டி முடியும். அன்று சாயங்காலம் அரட்டைக் கூட்டத்தில் 'ரெண்டு நாளா ஒரே இரைச்சல், மனுசன் பேச முடியுதா!' என்று முதல் ஆளாகக் குறைபடுகிறவர் அண்ணாச்சிதான்.